6×2×2 அடி மீன் தொட்டி, முதல் மாடி, பெரம்பூர்: தாங்குமா?

பெரம்பூர்வாசி | ஜனவரி 11

எட்டு வருடமாக இரண்டடித் தொட்டியில் மோலி, ஏஞ்சல் என்று காலம் தள்ளிவிட்டேன். இனி பெரிதாக ஒன்று வைப்பது என்று முடிவு. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். சொந்த வீடு, கட்டி 22 வருடம் ஆகிறது. முதல் மாடி ஹாலில் மேற்குச் சுவரை ஒட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். கீழே அப்பா அம்மா இருக்கிறார்கள்.

மீன்: ஒரு சில்வர் அரோவானா, இரண்டு ஆஸ்கர், அடியில் ஒரு டேங்க் க்ளீனர். கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. போதும், ஒன்றும் ஆகாது என்கிறார்கள். ஃபில்டருக்கு சம்ப் (அடியில் வைக்கும் இன்னொரு சின்னத் தொட்டி) நல்லதா, கேனிஸ்டர் (மூடிய டப்பா) நல்லதா? மேற்குப் பக்கம் தண்ணீர் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். அதற்கும் யாரிடமாவது பதில் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

கம்பி_கான்கிரீட் | ஜனவரி 11

வாஸ்து எனக்குத் தெரியாது சார். எடை தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

6×2×2 என்றால் 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டியே 120 கிலோ. மணல் 70, கல்லும் கட்டையும் 30, இரும்பு ஸ்டாண்டு 80. அடியில் சம்ப் வைத்தால் அதில் ஒரு 130 லிட்டர். கூட்டிப் பாருங்கள், 1,100 கிலோ வருகிறது. அத்தனையும் 12 சதுர அடியில் நிற்கிறது. சதுர அடிக்கு 90 கிலோ.

குடியிருப்பு அறைகளுக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி) சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. சதுர அடிக்கு 19 கிலோகூட வராது. உடனே பயப்படவும் வேண்டாம், அது அறை முழுக்கப் பரவி நிற்கும் சுமைக்கான கணக்கு. 120 சதுர அடி அறையில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டேகால் டன் ஆகிறது. விசேஷ நாளில் அந்த ஹாலில் முப்பது பேர் நெருக்கி நிற்பார்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் அவர்கள் பந்திக்குக் கூப்பிட்டதும் போய்விடுவார்கள். உங்கள் தொட்டி பத்து வருடம் அதே இடத்தில் நிற்கும். ஸ்லாப் மெல்ல மெல்லத் தொய்வது அப்படித்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. அந்த மேற்குச் சுவருக்கு அடியில் பீம் இருக்கிறதா, இல்லை பிற்பாடு எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவரா? வரைபடம் கையில் இருக்கிறதா?

நைட்ஷிப்ட் | ஜனவரி 12

என் நண்பன் மூன்றாவது மாடியில் எட்டடித் தொட்டியே வைத்திருக்கிறான். ஐந்து வருடம் ஆகிறது, ஒரு விரிசல் கிடையாது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

கம்பி_கான்கிரீட் | ஜனவரி 12

உங்கள் நண்பரின் வீட்டில் பீம் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் சந்தோஷம்.

பெரம்பூர்வாசி | ஜனவரி 12

வரைபடம் கிடைக்கவில்லை. கட்டிய மேஸ்திரி இப்போது இல்லை. சுவர் நாலரை அங்குலம்தான், அளந்தேன்.

கம்பி_கான்கிரீட் | ஜனவரி 12

அப்படியென்றால் கீழே இறக்குங்கள். கீழ்த்தளத்திலும் ஒன்று பாருங்கள்: வைக்கப்போகும் இடத்து டைல்ஸை ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தட்டுங்கள். கொட்டாங்கச்சிச் சத்தம் வந்தால் அடியில் மண் இறங்கியிருக்கிறது. அந்த டைல்ஸைப் பெயர்த்து, கான்கிரீட் போட்டுவிட்டுத்தான் மறு வேலை. ஸ்டாண்டு ஒன்றரை அங்குல சதுரப் பைப்பில் செய்யச் சொல்லுங்கள். கால்களைத் தனித்தனியாகத் தரையில் ஊன்ற விடாமல் அடியிலும் சுற்றி ஒரு சட்டம் ஓட வேண்டும். மேலே 18 மி.மீ. பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல் ஷீட். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்துவிட்டே தொட்டியை ஏற்றுங்கள். தெர்மோகோல் சின்ன மேடு பள்ளத்தைத்தான் விழுங்கும். சாய்வை அது சரி செய்யாது.

கண்ணாடி பற்றி: தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. இரண்டடி உயரம், ஆறடி நீளம் என்றால் முன் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை கிட்டத்தட்ட 340 கிலோ. இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் 12 மி.மீ.க்குக் குறைய மாட்டேன். மேல் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாகப் பட்டை, நடுவில் ஒரு குறுக்குப் பட்டை, இரண்டும் வேண்டும். ஒட்டிய சிலிகான் காய ஒரு வாரம் விடுங்கள். பிறகு கடையிலேயே தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

கொளத்தூர்க்காரன் | ஜனவரி 13

தம்பி, எடைப் பேச்சு முடிந்ததா? மீனுக்கு வருகிறேன். கொளத்தூரில் முப்பது வருடமாக மீன் வளர்த்து விற்கிறவன். என்னிடம் வந்து அரோவானா கேட்டால் விற்றுவிடுவேன், அது என் பிழைப்பு. ஆனால் இங்கே கேட்டதால் சொல்கிறேன். கையளவு குட்டியாகக் கொடுப்போம். நன்றாகத் தீனி போட்டால் மளமளவென்று வளரும். முழுசாக வளர்ந்தால் இரண்டரை, மூன்றடி. உங்கள் தொட்டியின் அகலம் இரண்டடி. அது எப்படித் திரும்பும்? வாலை மடக்கி மடக்கித் திரும்பியே முதுகு கோணிப்போன அரோவானாவை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆஸ்கர் ஒவ்வொன்றும் ஓர் அடி வளரும். மண்ணைக் கிளறிச் செடியைப் பிடுங்கி எறியும்.

டேங்க் க்ளீனர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. அது போடும் கழிவை அள்ளவே தனி ஃபில்டர் வேண்டும். பெரிதானதும் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விடுகிறார்கள். ஏரியில் வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வலைக்கு வலை அதுதான் ஏறுகிறது, முள்ளில் சிக்கி வலையும் கிழிகிறது, தின்னவும் ஆள் இல்லை. எது வாங்கினாலும் சரி, ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

பெரம்பூர்வாசி | ஜனவரி 13

அண்ணா, அப்போது என்னதான் விடுவது? ஆறடியில் மோலியா?

பொருநைக்கரை | ஜனவரி 14

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். ஆறடித் தொட்டி என்றதும் எல்லாரும் ஒரு பெரிய மீனைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அது ஆறடி நீள ஓட்டம். கூட்டமாக ஓடும் மீனை விட்டுப் பாருங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலேயே இருக்கின்றன. ஃபிலமென்ட் பார்ப் என்கிற டாக்கின்சியா ஃபிலமென்டோசா நாலைந்து அங்குலம் வளரும், உடம்பின் பின்பக்கம் ஒரு கருப்புப் பொட்டு. ஆண் மீன் பருவத்துக்கு வந்ததும் முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீளும். (ரிச்சர்டு டாக்கின்ஸ் பெயரில்தான் 2012இல் அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்கள்.) எங்கள் தாமிரபரணிக்கே உரிய டாக்கின்சியா தம்பரபர்ணியை என்று ஒன்று உண்டு. அது அருகி வருகிறது, அதை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.

மிஸ் கேரளா பலருக்கும் தெரியும். மலையாளத்தில் செங்கணியான். 1865இல் பிரான்சிஸ் டே விவரித்த மீன். அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்த டெனிசன் பெயரைத்தான் அதற்கு வைத்தார். சிவப்புக் கோடும் கருப்புக் கோடுமாகக் கூட்டம் திரும்பும்போது பார்க்க வேண்டும். ஆனால் அதுவும் அருகிவரும் இனம். தவிர, ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் கேட்கும். சென்னை மே மாதத்தில் நீங்கள்தான் தவிப்பீர்கள். ஃபிலமென்ட் போதும், வெயிலைத் தாங்கும். பன்னிரண்டு மீனாவது வாங்குங்கள். நாலைந்து விட்டால் ஒன்றை ஒன்று விரட்டும்.

டிஸ்கஸ்_அக்கா | ஜனவரி 15

ஈரோட்டிலிருந்து. சம்ப்பா கேனிஸ்டரா என்ற கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். சம்ப்தான். ஆனால் முதலில் என் அனுபவத்தைக் கேளுங்கள்.

என்னுடையதும் ஆறடி. சம்ப்பிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் எட்டு அங்குலம் இறக்கி வைத்திருந்தேன், சத்தம் வராது என்று. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைக் கீழே உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. ஆறடிக்கு இரண்டடியில் ஒரு அங்குலம் இறங்கினால் 28 லிட்டர். எட்டு அங்குலத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து காலை ஊன்றினால் பெட்ரூமில் தண்ணீர். மாமியார் இன்று வரை சொல்லிக் காட்டுகிறார்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை. மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். மாதம் ஒரு முறை அந்த ஓட்டையில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சம்ப்பில் எப்போதும் 60 லிட்டருக்காவது காலி இடம் இருக்கட்டும். முதல் நாளே வேண்டுமென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு நின்று பாருங்கள்.

நைட்ஷிப்ட் | ஜனவரி 15

இதற்குத்தான் கேனிஸ்டர் என்கிறேன். மூடிய டப்பா, வழியாது, சத்தமில்லை, இடமும் அடைக்காது.

கொளத்தூர்க்காரன் | ஜனவரி 16

கரண்ட் இருக்கிற வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. 2016 வர்தாவிலும் 2023 மிக்ஜாமிலும் எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். சில மணி நேரத்தில் உள்ளே நாற ஆரம்பித்துவிடும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகும். புயலில் பிழைத்த மீன் கரண்ட் வந்த பிறகு செத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேனிஸ்டர்தான் என்றால் நீண்ட நேரம் நின்றபின் கழுவாமல் போடாதீர்கள்.

எது வைத்தாலும் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மிக்ஜாம் அன்று அதுவும் தீர்ந்துபோய், மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், வீட்டில் எல்லாரும் முறை வைத்து. கரண்ட் இல்லாத நாளில் தீனி மட்டும் போடாதீர்கள். வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி கிடக்கும்.

பெரம்பூர்வாசி | பிப்ரவரி 22

தொட்டி வந்துவிட்டது. கீழ்த்தளத்தில், கிழக்குச் சுவர் ஓரம். அம்மாவுக்குத் திருப்தி. அப்பாவுக்கு இல்லை, அது அவருடைய ஈசிசேர் போடும் இடம். டைல்ஸ் மூன்று கொட்டாங்கச்சியாகத்தான் சத்தம் போட்டது. பெயர்த்தால் அடியில் அரை அடி வெற்றிடம். கம்பி_கான்கிரீட் சாருக்குக் கோடி நன்றி.

12 மி.மீ. கண்ணாடி, நாலடி சம்ப், மணிக்கு 4,000 லிட்டர் பம்ப். ஏழு பேர் தூக்கினோம். ஆற்று மணலை வெளியே வாளியில் பதினெட்டு தடவை அலசினேன். சிப்பித் துண்டு கலந்திருந்தால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும் என்று படித்ததால், ஒரு கைப்பிடியில் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கும் சோதனையும் ஆயிற்று, ஒன்றரை அங்குலத்தில் நின்றது.

போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,100, பிஎச் 8.2. மெட்ரோ வாட்டர் பரவாயில்லை, குளோரின் வாசனை வருகிறது. எதை ஊற்றுவது? மீன் எப்போது விடலாம்? அடுத்த ஞாயிறு?

டிஸ்கஸ்_அக்கா | பிப்ரவரி 22

ஞாயிறா! அவசரப்படாதீர்கள் தம்பி. இப்போது உங்களிடம் இருப்பது கண்ணாடித் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இரண்டு வகை பாக்டீரியா சம்ப்பில் குடியேற வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம்.

உங்கள் போர் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். அம்மோனியாவில் விஷமான வடிவம் எவ்வளவு என்பதைப் பிஎச் தான் முடிவு செய்கிறது. 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8.2 என்றால் 11 பங்கு. ஒரே அளவு அம்மோனியா, பதினான்கு மடங்கு விஷம். மெட்ரோ வாட்டரையே பிரதானமாக ஊற்றுங்கள். குளோரினுக்கு ஹைப்போ படிகம் போதும், பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்திய அதேதான். இல்லையென்றால் டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்று ஓட விடுங்கள்.

உங்கள் இரண்டடித் தொட்டி இன்னும் ஓடுகிறதா? அதன் ஸ்பாஞ்சை எடுத்து சம்ப்புக்குள் பிழியுங்கள். பார்க்க அழுக்குதான், ஆனால் கடையில் பாட்டிலில் விற்பதைவிட நம்பகமான விதை அது. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்கள். டெஸ்ட் கிட் வாங்குங்கள்.

பெரம்பூர்வாசி | மார்ச் 24

முப்பது நாள் காலித் தொட்டிக்குத் தீனி போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள், மீன் எங்கே?" என்று தினமும் கேட்கிறான். 11ஆம் நாள் அம்மோனியா இறங்க ஆரம்பித்தது, நைட்ரைட் ஏறியது. டெஸ்ட் கிட்டில் நைட்ரைட் காட்டும் அந்த ஊதா நிறம் இரண்டு வாரம் அசையவில்லை. நேற்றும் இன்றும் இரண்டுமே பூஜ்யம்.

கொளத்தூர்க்காரன் | மார்ச் 24

இப்போது வாருங்கள். கடையில் மீன் பார்க்கும்போது தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வர வேண்டும். அன்றைக்குத்தான் வந்து இறங்கிய மீனை வாங்காதீர்கள், என்னிடமும்தான். வாங்கியதை நேராகத் தொட்டியில் விடாமல் பழைய இரண்டடியில் மூன்று வாரம் வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அங்கேயே உப்புப் போட்டு முடித்துவிடலாம். 680 லிட்டரில் வந்தால் கிலோக் கணக்கில் உப்பு வேண்டும். டியூபிஃபெக்ஸ் புழு மலிவு என்று வாங்கிப் போடாதீர்கள். அது எந்தச் சாக்கடையில் அள்ளியது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

பெரம்பூர்வாசி | மே 19

ஃபிலமென்ட் பன்னிரண்டு, ஆரஞ்சு குரோமைடு ஆறு. ஏப்ரலில் விட்டேன், இதுவரை ஒன்றும் சாகவில்லை. மொத்தச் செலவில் மீனுக்குப் போனது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது பிரச்சினை வெயில். மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் 33 டிகிரி. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன.

டிஸ்கஸ்_அக்கா | மே 19

சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை நிற்கும், 33இல் ஏழு சொச்சம்தான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். மேல் மூடியைத் தூக்கிவிட்டு வலை போடுங்கள். கம்ப்யூட்டர் ஃபேன் நாலு வாங்கித் தண்ணீர் மேல் ஊதும்படி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மதியம் லைட் வேண்டாம். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கம்பி_கான்கிரீட் | மே 20

வயர்கள் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறுகிறதா? வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனை ஃபேன் என்றதும் கேட்கத் தோன்றியது. கரண்ட் பில் எவ்வளவு?

பெரம்பூர்வாசி | ஜூன் 14

ஃபேன் வைத்தபின் 30.5. ஆர்சிசிபி இல்லை, போன வாரம் போட்டாயிற்று. பில் வந்தது: இரண்டு மாதத்துக்கு முன்பைவிட 120 யூனிட் கூடுதல். பம்ப் மட்டுமே 60 வாட், இருபத்துநாலு மணி நேரமும். 500 யூனிட்டைத் தாண்டவில்லை, தப்பித்தேன். வாரம் மாற்றும் 170 லிட்டரும் குழாய் வழியாக வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகிறது.

இன்று காலை அப்பா ஆபீசுக்கு போன் செய்தார். ஈசிசேரைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டதிலிருந்து தினமும் அவர்தான் மீன் எண்ணுகிறார். "பதினொண்ணுதான் இருக்கு, ஒண்ணைக் காணோம்." பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து தரை, ஸ்டாண்டுக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில் எல்லாம் தேடினேன். கடைசியில் சம்ப்பைத் திறந்தால், முதல் அறையில் இழையெல்லாம் முழுசாக, கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ வழியாக இறங்கியிருக்கிறார். அதன் வாயில் எந்த வலை போடுவது?

டிஸ்கஸ்_அக்கா | ஜூன் 14

கொசுவலை போட்டுவிடாதீர்கள், இலையும் பாசியும் ஒரே நாளில் அடைத்துத் தண்ணீர் தொட்டியின் விளிம்பு வழியாக வழியும். அரை அங்குலக் கண் உள்ள பிளாஸ்டிக் வலை, செடித் தொட்டிக் கடையில் கிடைக்கும். அதை வளைத்து நைலான் டேகால் கட்டுங்கள். வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தேய்க்கும் வேலையை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.